வெள்ளியின் இடைக்கால அடர்த்தி

யசிந்தா அந்தப் பெட்டிக்குள் ஓர் இலக்கத்தைப் போடப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. போட்டுவிட்டு வந்து தேநீர் குடிக்கலாம் என்று, போகும்போதே கேத்திலையும் கொதிக்க வைத்துவிட்டுத்தான் போனாள். இலக்கம் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தபோது மெல்பேர்ணில் குளிர்காலம் முடிந்திருந்தது.

மல்கிரேவில் இருக்கும் அந்தத் தொழிற்சாலை, கண்ணாடிகளின் மேல் உலோகம் பூசுகிற இடம். தண்ணீர்த் தாங்கி அளவான ஓர் உருக்குக் கலத்துக்குள் கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் உலோகத்தைச் சூடாக்குவார்கள். உலோகம் ஆவியாகி மேலே போய்க் கண்ணாடியில் படியும். தலைமயிர் ஒன்றை நூற்றுக்கணக்கான தோலாக உரிக்க முடிந்தால் அதில் ஒரு தோல் எவ்வளவு தடிப்போ, அவ்வளவுதான் அந்தப் பூச்சு. கண்ணால் அளக்க முடியாது. அளப்பதற்காகக் கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. கொன்ட்ரோலர் என்பார்கள்.

பெட்டி உண்மையில் தடிப்பை அளப்பதில்லை. எவ்வளவு நிறை படிந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியும். ஒரு கிலோ அப்பளமும் ஒரு கிலோ கருவாடும் ஒரே உயரத்துக்கு அடுக்கப்படுவதில்லை அல்லவா? ஆகவே, பூசப்போவது என்ன பொருள், அதன் அடர்த்தி என்ன என்று முதலில் பெட்டிக்குச் சொல்லவேண்டும். அலுமினியம் என்றால் 2.7. வெள்ளி என்றால் 10.5. சொல்லிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வேண்டிய தடிப்பு வந்ததும் தானே நிறுத்திவிடும்.

இதுவரை அங்கே அலுமினியம்தான் பூசினார்கள். சிட்னியில் டூங்கபியில் இருக்கும் கண் டொக்டர் மிருணாளினியிடமிருந்து வெள்ளி பூசிய கண்ணாடிகள் வேண்டுமென்று ஒரு கட்டளை வந்தது. அவர் ஒரு வான் வண்டியில் கண் பரிசோதிக்கும் கருவிகளை ஏற்றிக்கொண்டு, கண் டொக்டர் என்று ஒருவரையும் காணாத வடக்குப் பக்கத்துத் தூர ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் கண்களைப் பார்ப்பவர். அலுமினியக் கண்ணாடியில் வெளிச்சம் போதவில்லை, வெள்ளி வெளிச்சத்தைக் கூடுதலாகத் திருப்பித் தெறிக்கும் என்று கேட்டிருந்தார்.

யசிந்தா மன்னாரில் பேசாலைப் பக்கம். அகதியாக வந்து, காத்திருந்து, படித்து, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகி, அந்தக் கலத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தாள். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை.

'புதிய பொருள்' என்ற இடத்தை அழுத்தினாள். பெட்டி கடவுச்சொல் கேட்டது. அவளுக்குத் தெரியாது. மேலாளர் ஸ்ரீகாந்திடம் போனாள். ஸ்ரீகாந்த் கோயம்புத்தூர்க்காரர். பூச்சுகளைப் பற்றி முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் சுவரில் தொங்கியது.

"ஸ்ரீகாந்த், பெட்டி பாஸ்வேர்ட் கேக்குது. வெள்ளியின்ர அடர்த்தி போடவேணும்."

"எந்த அடர்த்தி?"

"பத்து தசம் அஞ்சு."

"அதை யார் அப்ரூவ் பண்ணாங்க?"

யசிந்தா யோசித்துப் பார்த்தாள். "ஒருத்தரும் அப்ரூவ் பண்ணேல்லை. அது அப்பிடித்தான்."

ஸ்ரீகாந்த் அவளைப் பரிவோடு பார்த்தார். "அப்படித்தான்னு இந்தக் கம்பெனில எதுவும் கிடையாது யசிந்தா. கமிட்டிக்குப் போகணும்."

பராமீற்றர் ஆளுகைக் குழு என்று அதற்குப் பெயர். பெட்டிக்குள் போகும் இலக்கங்களை ஆளுவது அதுதான். சில வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் பெட்டிக்குள் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட, ஒரு தொகுதி வெயில் கண்ணாடிகள் அளவுக்கு மிஞ்சிக் கறுத்துவிட்டன. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்த பொது முகாமையாளர் முன்வாசல் கண்ணாடிக் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். கதவை விசாரிக்க ஒரு குழு நியமித்தார்கள். கதவில் பிழையில்லை என்று கண்டுபிடித்த பிறகும் குழு கலையவில்லை. கலைப்பதற்கு அதிகாரமுள்ள குழு அதுதான்.

தலைவி டெபோரா. அதற்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் வாகனத் தரிப்பிடங்களை ஆண்டவர். ஸ்ரீகாந்த் செயலாளர். பாதுகாப்பு அதிகாரி ஜோன்சன் மூத்த உறுப்பினர். ஜோன்சனும் யசிந்தாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அங்கே அவர் அவளைத் 'தங்கச்சி' என்பார். கூட்டங்களில் 'எமது சக ஊழியர்' என்று ஆங்கிலத்தில் குறிப்பிடுவார். இவர்களைத் தவிர, பிஸ்கட் சாப்பிடும் உறுப்பினர்கள் சிலரும் இருந்தார்கள்.

முதற் கூட்டத்தில் மூன்று விடயங்கள்: பொருளின் பெயர், அடர்த்தி, ஸெட் விகிதம்.

ஸெட் விகிதம் என்பது ஒரு பொருளுக்குள் அதிர்வு எப்படிப் பயணிக்கிறது என்பதோடு சம்பந்தப்பட்ட ஓர் எண். யசிந்தா அதை விளக்குவதற்குப் படமெல்லாம் வரைந்து கொண்டுபோயிருந்தாள். டெபோரா மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். என்னவென்று கேட்டால் தெரியாதென்று தெரிந்துவிடும். "ஆட்சேபனை இல்லை," என்றார் டெபோரா. விகிதம் நிறைவேறியது.

பெயருக்குத்தான் முற்பகல் முழுதும் போனது.

"வெள்ளி என்ற சொல் எனக்குச் சங்கடமாக இருக்கிறது," என்றார் டெபோரா. "பதக்கங்களில் வெள்ளி என்றால் இரண்டாம் இடம். எங்கள் வாடிக்கையாளருக்கு நாங்கள் இரண்டாம் இடத்தையா கொடுக்கப்போகிறோம்?"

"அது உலோகத்தின் பெயர்," என்றாள் யசிந்தா.

"உலோகத்தின் பெயரென்பது எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் அதை எப்படி உணர்வார் என்பதுதான் கேள்வி."

வெள்ளி என்ற பெயரைத் தற்காலிகமாக அனுமதிப்பதென்றும், பொருத்தமான பெயரைத் தேட உபகுழு ஒன்றை அமைப்பதென்றும் முடிவாயிற்று. அடர்த்திக்கு நேரம் போதவில்லை.

இரண்டாம் கூட்டம் ஜோன்சனுடையது. அவர் இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"அலுமினியம் இரண்டு தசம் ஏழு. இப்போது எங்கள் சக ஊழியர் கேட்பது பத்து தசம் ஐந்து. ஏறக்குறைய நான்கு மடங்கு பாரம். இந்தப் பாரத்தை எங்கள் ஊழியர்கள்மேல் ஏற்றுவதற்கு முன் நாங்கள் யோசிக்கவேண்டும்."

"ஊழியர்கள்மேல் ஏறாது," என்றாள் யசிந்தா. "பெட்டிக்குள் ஓர் இலக்கமாகத்தான் போகும்."

"முதுகு பிடித்தவர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஜோன்சன் அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார். "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. நான் ஒண்டும் சொல்லாமல் இருந்தா, எனக்கு அங்க என்ன வேலை எண்டு கேப்பினம்."

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை என்று அவளுக்குப் பட்டது. அதுதான் அவளைக் கூடுதலாகக் குழப்பியது.

மூன்றாம் கூட்டத்துக்கு முன் ஊழியர்கள் எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். வெள்ளியின் அடர்த்தி 10.5 ஆக இருப்பதைப் பற்றி நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்? பொதி கட்டும் பகுதியில் பலர் அது கூடிப்போய்விட்டதென்று உணர்ந்தார்கள். கணக்குப் பகுதி நடுநிலை வகித்தது. வரவேற்பறைப் பெண் மட்டும், மிகவும் பிடித்திருப்பதாக எழுதியிருந்தாள்.

யசிந்தா நூலகத்திலிருந்து தடித்த கைநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். பக்கத்தைத் திறந்து டெபோராவின் முன் வைத்தாள். டெபோரா பக்கத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது வெளிநாட்டில் அச்சிட்டது."

"ஓம்… யெஸ்," என்றாள் யசிந்தா.

"அப்படியென்றால் இந்த அடர்த்தியும் வெளிநாட்டில் எடுத்தது. இந்தப் பத்து தசம் ஐந்துக்கு உள்ளூர் அனுபவம் ஏதாவது இருக்கிறதா?"

அந்தக் கேள்வி யசிந்தாவுக்குப் பழக்கமானது. வேலை தேடித் திரிந்த காலத்தில் டண்டினோங்கிலிருந்து நகரம் வரைக்கும் எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் அவளிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கும் அதே கேள்வி வருமென்று மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. கைநூலை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்போதும் சான்றிதழ்களை அப்படித்தான் மூடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

டெபோரா எழுந்து நின்று பேசினார். முக்கியமான முடிவுகளை அவர் எழுந்து நின்றுதான் அறிவிப்பார்.

"வெள்ளியைப் பற்றி எங்களுக்கு முன்னனுபவம் இல்லை. அலுமினியத்தை நாங்கள் அறிவோம். அலுமினியம் எங்களை ஒருபோதும் கைவிட்டதில்லை. வெள்ளியை நாங்கள் வரவேற்கிறோம். அதைப்பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் வெள்ளி இங்கே தன்னை நிரூபிக்கவேண்டும். அதுவரைக்கும் அதற்கு அலுமினியத்தின் அடர்த்தியை வழங்குவதே பொறுப்பான செயல். இடைக்கால அடர்த்தி: இரண்டு தசம் ஏழு."

கைதட்டினார்கள். யசிந்தா ஸ்ரீகாந்தைப் பார்த்தாள். முனைவர் ஸ்ரீகாந்த் தன் பேனாவின் மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே அவர் இறங்கிவந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்து, 2.7 என்று போட்டார்.

"ஸ்ரீகாந்த், உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள் யசிந்தா. "நாலிலொரு பங்குதான் படியும். முழுக்கப் படிஞ்சிட்டுது எண்டு பெட்டி நினைச்சு நிப்பாட்டிப்போடும்."

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நான் செகரட்டரிங்க. மத்தவங்க சொல்றதை மினிட்ஸ்ல எழுதுறதுதான் என் வேலை. நானே சொல்லிட்டா யார் எழுதுறது?"

முதல் தொகுதி வெளியே வந்தது. யசிந்தா ஒரு கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் மங்கலாக, இலேசான நீலத்தில் தெரிந்தது. அவள் முகத்துக்கூடாக எதிர்ப்பக்கத்தில் நின்ற ஜோன்சனும் தெரிந்தார். அவர் கையசைத்தார்.

அவள் கண்ணாடியை டெபோராவிடம் கொண்டுபோனாள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கூடாக அடுத்த பக்கம் தெரியக்கூடாது என்று, தன்னால் முடிந்த அளவு மரியாதையாகச் சொன்னாள். டெபோரா அதை வாங்கி யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். வெளியே தரிப்பிடத்தில் நின்ற கார்கள் எல்லாம் தெரிந்தன. அவர் முகம் மலர்ந்தது.

"வெளிப்படைத்தன்மை," என்றார். "இந்தத் தொழிற்சாலையில் நான் எத்தனை வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அனுப்புங்கள்."

அனுப்பினார்கள். அந்த வாரமே டொக்டர் மிருணாளினி தொலைபேசியில் யசிந்தாவைக் கூப்பிட்டார். சின்ன வயதிலேயே சிட்னிக்கு வந்துவிட்டவர். கோபம் வந்தால்தான் தமிழ் நன்றாக வரும்.

"யசிந்தா, நீங்கள் அனுப்பினது கண்ணாடியோ, யன்னலோ? நான் அதுக்குப் பின்னால என்ர பெருவிரலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"மன்னிக்கவேணும் டொக்டர். அது வந்து… இடைக்காலம்."

"என்ன காலமோ தெரியாது. வாற திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு வாரம்தான் நான் பொறுக்கலாம். அங்க மழை தொடங்கினா ரோட்டெல்லாம் மூடிப்போடுவினம், பிறகு அடுத்த வருசம்தான். போன முறை ஒரு பிள்ளை வந்தவள். கண்ணுக்குள்ள என்னவோ இருக்கு எண்டு தெரியுது. வெளிச்சம் காணாது, வடிவாப் பாக்கேலாமல் போச்சு. திரும்பி வாறன் எண்டு தாயிட்டச் சொல்லிப்போட்டு வந்தனான். இப்ப நான் என்னத்தைக் கொண்டு போறது?"

"நான் பாக்கிறன் டொக்டர்," என்றாள் யசிந்தா. எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

நோபல் பார்க் வீட்டில் கணவன் எறிக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் பஸ் ஓட்டுபவன். யசிந்தா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எறிக் நடுவில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அவனுடைய நிறுவனமும் பெரியதுதான்.

"விடு. ப்ரொபேஷன் முடியும் வரைக்கும் வாயைத் திறவாதை," என்றான். "அவங்கள் சொன்னதைச் செய்."

"அந்தப் பிள்ளைக்குக் கண் போச்சுதெண்டா?"

எறிக் மீனைக் கழுவினான். "என்ர பஸ்ஸில மணிக்கூடு பத்து நிமிசம் பிந்தித்தான் ஓடும். திருத்தச் சொல்லிக் கேட்டனான். அது வேற பகுதியின்ர பொறுப்பாம், கை வைக்கக்கூடாதாம்."

"பிறகு?"

"பிறகென்ன, நான் பத்து நிமிசம் கூட்டிப் பாத்து ஓடுறன். சனம் நேரத்துக்குப் போகுது. மணிக்கூடும் அவங்கள் விரும்பின மாதிரி இருக்குது."

யசிந்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. புளி கனக்க விடாதேங்கோ."

மறுநாள் காலை கலத்தடிக்குப் போனாள். அடர்த்திக்குக் கடவுச்சொல் இருந்தது. எவ்வளவு தடிப்பு வேண்டும் என்ற இடத்துக்கு இல்லை. அது உற்பத்திப் பகுதிக்குச் சேர்ந்தது. குழுவின் கண்ணில் இன்னும் படாத ஒரே இலக்கம். டொக்டர் கேட்டது 120 நனோமீற்றர். வெள்ளியின் உண்மையான அடர்த்தியையும் குழுவின் அடர்த்தியையும் வைத்துக் கணக்குப் பார்த்தாள். 467 என்று வந்தது. அதைப் போட்டாள். பெட்டி 467 என்று நினைத்துக்கொண்டு நிறுத்தும்போது கண்ணாடியில் இருப்பது சரியாக 120 ஆக இருக்கும். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தொடக்கப் பொத்தானை அழுத்தினாள்.

கலத்தைத் திறந்தபோது கண்ணாடிகள் கண்ணைக் கூசவைத்தன. ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். தன் முகம் மட்டும் தெரிந்தது. பயந்துபோன முகம். ஆனால் தெளிவாகத் தெரிந்தது.

டொக்டர் மிருணாளினி அந்தக் கண்ணாடிகளோடு புறப்பட்டுப் போனார். வெகு தூரத்து ஊரொன்றிலிருந்து ஒரு மத்தியானம் கூப்பிட்டார். தொடர்பு விட்டு விட்டு வந்தது. "அந்தப் பிள்ளையைப் பாத்திட்டன்… பின்பக்கம் ஒரு கட்டி… நேரத்தோட பிடிச்சிட்டம். ப்ளேனில அனுப்புறம்… Thank you, யசிந்தா." யசிந்தா கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, அடுத்த தொகுதிக்கும் 467 என்று போட்டாள்.

வாடிக்கையாளரின் பாராட்டு மின்னஞ்சலாக வந்ததும் நிறுவனத்தில் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டினார்கள். டெபோரா எழுந்து நின்று அறிவிக்கவேண்டிய விடயம். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் ஒரு சிறிய மேடையில் ஏறினார்.

"எங்களைச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். வெள்ளிக்கு இரண்டு தசம் ஏழு போதாது என்றார்கள். கைநூல்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். இன்று அந்தக் கண்ணாடிகள் பிள்ளைகளின் பார்வையைக் காப்பாற்றுகின்றன. கைநூல்களால் இது முடிந்திருக்குமா? செயல்முறையை நம்பினோம். செயல்முறை எங்களை நம்பியது."

அதே மேடையில் யசிந்தாவின் தகுதிகாண் காலம் முடிந்ததாக அறிவித்தார்கள். ஊழியர்களின் குரலாக அவளைக் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஜோன்சன் பக்கத்தில் வந்து, "தங்கச்சி, இனி பிஸ்கட் உங்களுக்கும் உண்டு," என்றார். அவர் மனமார மகிழ்ந்தே சொன்னார்.

அவள் உறுப்பினராகப் போன முதற் கூட்டத்தில், இனிமேல் எந்த உலோகத்துக்கும் 2.7 என்ற ஒரே அடர்த்தியை வழங்குவது பற்றி ஆராய்ந்தார்கள். தங்கம் தன்னை உயர்வாக நினைப்பதற்கு இடமளிக்கக்கூடாது என்று பிஸ்கட் உறுப்பினர் ஒருவர் உணர்ச்சியோடு பேசினார். அதற்குப் பிறகு டெபோரா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓர் அறிக்கையைப் பார்த்தார்.

"வாடிக்கையாளர் கேட்பது 120 தடிப்பு. நாங்கள் 467 கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏன் இந்தத் தாராளம்? வரும் திங்களிலிருந்து 120 ஆகக் குறைப்போம். தடிப்பையும் இந்தக் குழுவின்கீழ் கொண்டுவருவோம்."

இனி மறைத்துப் பயனில்லை என்று யசிந்தாவுக்குத் தெரிந்தது. எழுந்து நின்றாள். எழுந்து நின்றால்தான் அங்கே பேசுவது முக்கியமானது.

"வெள்ளியின் அடர்த்தி பத்து தசம் ஐந்து. இரண்டு தசம் ஏழு பிழை. பிழையைச் சரிக்கட்டத்தான் நான் தடிப்பைக் கூட்டிப் போட்டேன். குறைத்தால் மறுபடியும் முதல் தொகுதி மாதிரித்தான் வரும்."

டெபோரா அவளை நீண்ட நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமிருக்கவில்லை. ஒரு துக்கம்தான் இருந்தது.

"யசிந்தா, உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் இதோ பாருங்கள். இரண்டு தசம் ஏழில் நீங்களே எத்தனை நல்ல கண்ணாடிகள் செய்திருக்கிறீர்கள்! ஒன்றாவது பிழைத்ததா? நீங்கள் சொல்வது உண்மையென்றால் அவை எப்படி நன்றாக வந்தன? உங்கள் கண்ணாடிகளே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றனவே."

எல்லோரும் தலையசைத்தார்கள். எதைச் சொன்னாலும் அந்தக் கண்ணாடிகள் குறுக்கே நிற்கும் என்று யசிந்தாவுக்கு விளங்கியது. தான் செய்த நல்ல காரியம் இப்படித் திரும்பி வந்து தன்னையே மறிக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு, அந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வராத ஒரு கோபம் வந்தது. குரல் உயரவில்லை.

"நல்லது. அப்படியென்றால் திங்கட்கிழமையிலிருந்து குழு சொன்னபடியே செய்கிறேன். அடர்த்தி இரண்டு தசம் ஏழு, தடிப்பு 120. ஒன்றையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். வரும் கண்ணாடியில் குழுவின் பெயரை ஒட்டி டொக்டருக்கு அனுப்புகிறேன்."

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. ஜோன்சன் கூரையைப் பார்த்தார். டெபோரா தேநீர் இடைவேளை அறிவித்தார்.

யசிந்தா நேரே கலத்தடிக்கு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீகாந்த் பின்னால் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"யசிந்தா, என்ன சொல்லிட்டீங்க மேல! அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க."

"நீங்கள் எல்லாரும் தீர்மானிச்சதைத்தானே செய்யப் போறன்."

"அதான் பிரச்சினையே. தீர்மானத்தை எல்லாம் அப்படியே செஞ்சா கம்பெனி எப்படிங்க ஓடும்?"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே கேட்டது போலிருந்தது. முகத்தைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்தார். கலத்தின் பம்பு இரைந்துகொண்டிருந்தது, ஒருவருமில்லை. பெட்டியின் முன் குனிந்து கடவுச்சொல்லை அடித்தார். இந்தத் தடவை கையால் மறைக்கவில்லை. 2.7 ஐ அழித்துவிட்டு 10.5 என்று போட்டார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோகிற வேலை.

"தடிப்பை நீங்க 120-க்கு மாத்திடுங்க. அவங்க கேட்டதும் அதான். சரியா வரும்."

"மேல தெரிஞ்சா?"

"கமிட்டி இங்க இறங்கி வராதுங்க. வந்தாலும் இந்தப் பெட்டி எதுன்னு தெரியாது." அவர் கொஞ்சம் தயங்கினார். "என் தீசிஸ்ல வெள்ளிக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கு. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"யாருக்குமே தெரியாது," என்றார் ஸ்ரீகாந்த். ஒரு நிமிடம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குறிப்பெழுத மேலே ஓடினார்.

திங்கட்கிழமை வந்த கண்ணாடிகளில் ஒரு குறையும் இருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் டெபோரா அதில் ஒன்றை மேசையில் வைத்தார். தடிப்பைக் குறைத்தும் தரம் குறையாததைச் சுட்டிக்காட்டினார். எச்சரிக்கைகளுக்குப் பயந்திருந்தால் இந்த முன்னேற்றம் கிடைத்திருக்காது என்றார். யசிந்தாவை மன்னித்துவிட்டது போல அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, வெள்ளி இந்த நிறுவனத்தில் தன்னை நிரூபித்துவிட்டதால், அதன் இடைக்கால அடர்த்தியான 2.7 ஐ நிரந்தர அடர்த்தியாக்கும் பிரேரணையை முன்வைத்தார்.

"ஆதரிப்பவர்கள்?"

ஜோன்சன் கை தூக்கினார். பிஸ்கட் உறுப்பினர்கள் தூக்கினார்கள். ஸ்ரீகாந்த், எழுதிக்கொண்டிருந்த வலது கையை விட்டுவிட்டு, இடது கையைத் தூக்கினார். எல்லோரும் யசிந்தாவைப் பார்த்தார்கள்.

கீழே கலம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு தரைவழியாக அவள் செருப்பில் தெரிந்தது. டொக்டரின் அடுத்த பயணத்துக்கான கண்ணாடிகள் உள்ளே தொங்கின. பெட்டிக்குள் இருப்பது 10.5. இங்கே மறுத்துப் பேசினால் யாராவது ஒருவர் அதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்பார். பார்க்கவென்று ஓர் உபகுழு வரும்.

யசிந்தா கையைத் தூக்கினாள். அது அவள் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

"ஏகமனதாக," என்றார் டெபோரா. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. யசிந்தா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கலம் நிற்கும் நேரமாகிவிட்டதென்று சொல்லிக்கொண்டு, கண்ணாடிகளை எடுப்பதற்குக் கீழே இறங்கிப் போனாள்.